ராக்கெட் பெட்டியின் முதல் ஆட்டம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது, அக்கா. நாளைக்கு வரும்போது ஆணி கொண்டுவந்து சரிசெய்து தருகிறேன். நீங்கள் அந்தப் பக்கம் உட்காருங்கள், அங்கே காற்று வரும்.

கதவைச் சாத்திவிட்டீர்கள், நல்லது. உள்ளே உங்கள் வீட்டுக்காரர் நடராஜன் நிதானமாகச் சாப்பிடட்டும். பொங்கலுக்கு முந்தின நாள் இறந்தவருக்கு இலை போட்டு, கதவைச் சாத்திவிட்டு, வீட்டார் எல்லோரும் வெளியே காத்திருக்கும் இந்தப் பர்ச்சு வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. நாங்கள் காக்காய்க்கு ஒரு பிடி வைத்துவிட்டு உடனே பந்தியில் உட்கார்ந்துவிடுவோம். உங்கள் வழக்கத்தில்தான் மரியாதை இருக்கிறது. புளி போட்ட மீன்குழம்பு, கோழி, அவர் பிடிக்கும் சிகரெட்டு, இலையோரத்தில் ஒரு பத்துக் காசு. அந்தக் காசு எதற்கென்று உங்கள் சொந்தக்காரர்கள் குழம்பியிருப்பார்கள். எனக்குத் தெரியும். பொன்னுதுரை அண்ணன் காப்பிக் கடையில் ராக்கெட் பெட்டிக்கு ஒரு ஆட்டம் பத்துக் காசு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவோம். அவர் சாப்பிட்டு மிச்சம் வைத்ததை எனக்கும் பரிமாறுவீர்கள். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லி, நீங்கள் மன்னித்தால்தான் அந்தச் சோறு என் தொண்டையில் இறங்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அதைப் பற்றிப் பேச இந்தக் காஜா பேராங் ஊரில் எனக்கு இப்போது ஆளே இல்லை. மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் வாங்கியதற்கு, முந்தின வருடம் சிங்கப்பூரில் ஏதோ பட்டாளத்துக் கேண்டீனை மூடியபோது பொன்னுதுரை அண்ணன் அதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அலமாரி உயரம். முன்பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புச் சாயம் அடித்த வானம், அதில் ஓட்டை போட்டுப் பின்னால் சின்னச் சின்ன பல்புகள். தகரத்தில் செய்த ராக்கெட்டுகளும் பறக்கும் தட்டுகளும் சங்கிலியில் ஓடும். வெளியே இரும்புக் கைப்பிடி வைத்த துப்பாக்கி. சுட்டால் குண்டு வராது, வெளிச்சம் வரும். வெளிச்சம் பட்ட ராக்கெட் தலை கவிழும், மணி அடிக்கும். ஒன்றையும் தவற விடாமல் அடித்துவிட்டால் வானத்து மூலையில் ஒரு நிலா எரியும்.

வந்த புதிதில் அது எரியவே இல்லை. "தம்பிராஜா, நீர் வயர்மேன்தானே, இதையும் ஒருக்கால் திறந்து பாரும். காசைக் கொட்டிப் போட்டுக் காவல் இருக்கிறன்" என்றார் அண்ணன். திறந்து பார்த்தேன். வேறு ஊர் மின்சாரத்துக்குச் செய்த சாமான், இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தால்தான் ஓடும். வைத்தேன். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக எரிந்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, அக்கா. பகலெல்லாம் ஊரார் வீட்டுக் கூரையில் எலிப்புழுக்கைக்கு நடுவே வயர் இழுக்கிற பிழைப்பு. சாயங்காலம் அந்தக் கைப்பிடியைப் பிடித்தால்தான் நானும் ஒரு ஆள் என்று தோன்றும். முதன்முதலில் நிலாவை எரிய வைத்தவன் நான். பெட்டிக்கு மேலே இருந்த பலகையில் அண்ணன் சாக்குக் கட்டியால் என் பெயரை எழுதினார். இன்றைக்கும் தூக்கம் வராவிட்டால் அந்த மணிச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பிறகுதான் உங்கள் வீட்டுக்காரர் வந்தார். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். கோயிலுக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றுதான் சுடுவார். பிடிப்பாக நிற்கலாமாம். உங்கள் செட்டி கம்போங் சனங்களுக்குப் பெயர் தமிழ், சாமி தமிழ், வாய் மட்டும் மலாய். அதனால் நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். என்னை 'அபாங்' என்பார், அண்ணன் என்று. கள்ளம் கபடம் இல்லாத மனிதர். தெரிந்த வித்தையை ஒளித்து வைக்கத் தெரியாது. "ராக்கெட்டைப் பார்க்காதீர்கள் அபாங், அது வரப்போகிற இடத்தைப் பாருங்கள்" என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுத்த எனக்கு.

மெர்டேக்கா அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லை. ஊரே கொடி பிடித்துக்கொண்டு நின்றது. அவர் ஒரே காசில் எல்லா ராக்கெட்டையும் கவிழ்த்து நிலாவை எரிய வைத்தார். திரும்பக் காசு போட்டார், திரும்பவும் எரிந்தது. சனங்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். அண்ணன் ஈரத்துணியால் என் பெயரைத் துடைத்துவிட்டு அவர் பெயரை ரூமியில், இங்கிலீஷ் எழுத்தில், எழுதினார். ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம். எனக்குக் கோபம் இல்லை. அவர் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஆனால் அதற்குப் பிறகு பெட்டி என் கைக்கு அடங்கவில்லை. குறி பார்த்தால் ராக்கெட் தப்பிப்போனது. நான் பூட்டிய வயர், நான் மாட்டிய பல்பு, அதற்குள் எரிகிற நிலா மட்டும் இன்னொருவருடையது. உங்களுக்கே ஒன்று அப்படிப் போயிருந்தால் புரியும். அவர் இல்லாவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. நான் யோசித்தது அவ்வளவுதான். அதில் வன்மம் எதுவும் கிடையாது.

ஆயுத பூசை வந்தது. அண்ணன் தராசு, காப்பித் தூக்கு, கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். ராக்கெட் பெட்டியும் ஆயுதம்தானே என்று சொல்லி, அதற்குச் சந்தனமும் குங்குமமும் நானே வைத்தேன். பூசையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை யாரும் தொடமாட்டார்கள். தமிழன் கடையில் அதை நம்பி என்னவும் செய்யலாம். துடைத்து வைக்கிறேன் என்று பின்பலகையைக் கழற்றினேன். பூமிக்குப் போகிற வயரை எடுத்துவிட்டேன். இன்னொரு வயரின் தோலைக் கொஞ்சம் உரித்துக் கைப்பிடியின் இரும்போடு சேர்த்துவிட்டேன். சின்ன வேலை. மாலை பூசைக்கு மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் விஜயதசமி. முதல் ஆட்டத்தை நடராஜன்தான் தொடங்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. "தரையை நல்லா கழுவி விடுங்கண்ணே, சாமி காரியம்" என்றேன். மகிழ்ச்சியோடு வாளி வாளியாக ஊற்றிக் கழுவினார். நான் ரப்பர் சப்பாத்து போட்டிருந்தேன். வேலைக்குப் போகிறவன், யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். ஈரத் தரையில் நடந்து வந்து பெட்டிக்கு முன் நின்றவர், என்னைப் பார்த்துச் சிரித்தபடி ஒதுங்கினார்.

"அபாங் டூலு" என்றார். முதலில் நீங்கள் ஆடுங்கள் என்று என்னிடம்.

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அக்கா. அந்த ஒரு நிமிடம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுப்பதுதான் பண்பு. "இல்லை, உன் பெயர்தானே மேலே இருக்கிறது. நீயே தொடங்கு" என்று சொல்லி, நான்தான் சுவிட்சைப் போட்டேன்.

அவர் கத்தவில்லை. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பிடித்த கை பிடித்தபடியே இறுகிவிட்டது. விரல் குதிரையை அழுத்தியபடி இருந்ததால் துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருந்தது. ராக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வந்து, அவருடைய வெளிச்சத்தில் பட்டுக் கவிழ்ந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன், "பார், இண்டைக்கும் நிலாதான்!" என்று கை தட்டினார். நான் சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அணைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நிலா எரியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எரிந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான்தான் முதலில் ஓடிப்போய் அவரைத் தாங்கினேன். வயரையும் அந்தக் களேபரத்திலேயே பழையபடி மாட்டிவிட்டேன். விசாரணையில் வயர்மேன் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். பழைய சாமான், ஈரத் தரை, இது எதிர்பாராதது என்றேன். தரையைக் கழுவியது தான்தானே என்று பொன்னுதுரை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கடையை விற்றுவிட்டு யாழ்ப்பாணத்துக்கே கப்பல் ஏறிவிட்டார். இப்போதும் அந்தப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருப்பார், பாவம். நல்ல மனிதர்கள் அப்படித்தான்.

அந்த வாரம் பத்திரிகை முழுக்க ரஷ்யாக்காரன் வானத்தில் சுற்றவிட்ட குட்டி நிலாவைப் பற்றித்தான். நம் நடராஜனுக்குக் கடைசிப் பக்கத்தில் நாலு வரி. நிஜ ராக்கெட்டு மேலே போன செய்தியைக் கேட்காமலே போய்விட்டார். அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பெட்டியை உடைத்துக் காயலான் கடைக்குப் போட்டார்கள். அதைக் கண்டுதான் நான் தெருவில் நின்று அழுதேன். அவருக்காக அழுகிறேன் என்று நினைத்து நீங்கள்தான் என்னை வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தீர்கள். அதற்குப் பிறகு உஜோங் பாசிர் பக்கம் ஒரு சந்தையில் வேறொரு சுடுகிற பெட்டி வந்தது, போய்ப் பார்த்தேன். வாத்துதான் நீந்துகிறது. நிலா இல்லை. எனக்கு அந்தப் பழைய பெட்டியில் ஒரே ஒரு ஆட்டம் வேண்டும். உயிர் போன கையால் அவர் எரிய வைத்த நிலாவை நான் தாண்ட வேண்டும். அது இனி நடக்காது. அவர்தான் ஜெயித்திருக்கிறார், என்றைக்கும்.

இதோ, உள்ளே மணி அடிக்கிறது. ஒவ்வொரு பர்ச்சுக்கும் அடிக்கிறது. இலையில் நீங்கள் வைத்த பத்துக் காசை எடுத்துப் போட்டுவிட்டார். முதலில் இரண்டு மணி, அப்புறம் விடாமல். என் கை சில்லிட்டுப் போகிறது, தொட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கேட்கவில்லையா?

என்ன தம்பி முணுமுணுக்கிறாய் என்று மலாயில் கேட்கிறீர்கள். ஒவ்வொரு வருடமும் கடைசியில் இதைத்தான் கேட்பீர்கள். நடராஜனுக்காகப் பிரார்த்தனை சொன்னேன் என்று நானும் மலாயில் சொல்கிறேன். உங்கள் கண் கலங்குகிறது. "மக்கான், தம்பி, மக்கான்" என்று என் கையைப் பிடித்துச் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள்.

மலாயிலேயே சொல்லியிருக்கலாம்தான். என் பிழைப்பே அந்தப் பாஷையில்தான் ஓடுகிறது. ஆனால் இப்படிப்பட்டதைத் தாய்மொழியில் சொன்னால்தான் மனதாரச் சொன்னதாகும். உங்களுக்குத் தமிழ் வராதது என் குற்றமில்லை. நான் எதையும் மறைத்தவன் அல்ல. வருடம் தவறாமல், முகத்துக்கு நேராக, ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறீர்கள்.

வாருங்கள், கதவைத் தட்டுவோம். நீங்கள் ஒரு தடவைகூட என்மேல் கோபப்பட்டதில்லை, அக்கா.