ஹெல்மெட்டுக்கு ஒரு மொட்டை

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் மடியில், மண்மேட்டில் பைக் பறக்கவிடுகிறவர்கள் போடும் தாடை நீண்ட ஹெல்மெட்.

"இந்த ஹெல்மெட்டுக்காகத்தான்க்கா மறுபடியும் மொட்டை போடப் போறேன்" என்று அவன் சொன்னதும், நான் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"தை மாசம்தானேடா மலைக்குப் போய் மொட்டை அடிச்சிக்கினு வந்தே?"

"அங்கதான் தப்பாயிடுச்சி. மலையிலருந்து எறங்கின கையோட கடைக்குப் போய், மொட்டைத் தலையில போட்டுப் பாத்து வாங்கிட்டேன். இப்ப முடி வளந்துட்டுச்சி, தலை உள்ள போவ மாட்டேங்குது."

"பெரிய சைஸா மாத்திக்கறது?"

"பைக் ரேஸ் சாம்பியன் ஒருத்தன் கையெழுத்து போட்டது இது ஒண்ணுதான் இருந்திச்சி. அவனும் இதே சைஸுதான் போடறானாம், கடைக்காரரு சொன்னாரு."

"யாரு அவன்? காட்டு."

தம்பி போனை நீட்டினான். அக்கா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"டேய், இவனுக்கு முடியே இல்லியேடா!"

"அதான்க்கா. அவன் சைஸு சரிதான். என் முடிதான் தப்பு."

அக்கா சிரித்து ஓய்வதற்குள் சந்திரகிரி தாண்டிவிட்டது.

"சரி, நெஜத்தச் சொல்லு. முடி சாமிக்கா, இவனுக்கா?"

தம்பி ஹெல்மெட்டிலிருந்த கையெழுத்தைச் சட்டை நுனியால் துடைத்தான்.

"சாமிக்குத்தான்க்கா. சிபாரிசு மட்டும் இவனுது."