மதவாச்சி மாமரத்தடியில் திறந்த சாப்பாட்டுப் பெட்டி

மதிப்புக்குரிய எங்கள் லொறிச் சாரதிகள் சங்கத் தலைவர் ராசிக் ஹாஜியார் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை கேட்காமல் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தும் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நசுங்கியும் வந்து சேர்ந்திருக்கும் அன்பர்களே, ஒருகொடவத்தையில் லொறிகளை நிறுத்திவிட்டு இன்று மட்டும் சப்பாத்துப் போட்டு வந்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் நமசிவாயத்தின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஹாஜியார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். என்னைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சங்கத்தில் ஒரு செய்தி பரவவேண்டுமென்றால் நோட்டீஸ் அடிப்பதில்லை. "நமசு, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று என் காதில் சொல்வார்கள். மாலைக்குள் வவுனியா வரை போய்விடும்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு மனிதர் பதினொரு வருடம் ஓர் இரகசியத்தைக் கொடுத்து வைத்திருந்தார் என்றால் அவர் எப்படிப்பட்ட மனிதராக இருந்திருப்பார்? அவர்தான், இன்று முப்பத்தோராம் நாள் நினைவில் நாம் கூடியிருக்கும் பெருமதிப்புக்குரிய நெடுந்தூரச் சாரதி சூசைதாசன் அண்ணை அவர்கள். கொழும்பு யாழ்ப்பாண வீதியில் முப்பத்தைந்து வருடம். ஒரு விபத்து இல்லை. ஒரு தண்டச் சீட்டு இல்லை. எப்படி இருக்கும்? அண்ணையின் வேகத்தில் போனால் பொலிஸ்காரர் கையைக் காட்டி மறிப்பதில்லை, பாவப்பட்டுக் கையசைத்து அனுப்பிவிடுவார். குருநாகலுக்கு இந்தப் பக்கம் ஒருநாள் ஒரு தெரு நாய் அவருடைய லொறியை முந்திப் போய், திரும்பி நின்று பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

அதிகாலை நாலரைக்குப் புறப்படுவார். முதலில் சில்லுகளைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் படத்தைத் தொட்டுக் கும்பிடுவார். வவுனியா தாண்டினால் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். "அண்ணை, நீங்கள் வேதக்காரர் அல்லவோ?" என்று ஒருமுறை கேட்டேன். "ஓமடா. அந்தோனியார் கொழும்பில இருந்து என்னோட வாறவர். ஆனா இது பிள்ளையாரின்ர ஏரியா. சொல்லாமல் போறது மரியாதையில்லை" என்றார். இந்த நாட்டில் எத்தனை பெரிய மனிதர்களுக்கு இந்த ஒரு விஷயம் இன்னும் விளங்கவில்லை?

இனி இரகசியத்துக்கு வருகிறேன். அண்ணையின் துணைவியார் பிலோமினா அக்கா முன்வரிசையில்தான் இருக்கிறார். பயப்படாதீர்கள். என்னைக் கொல்வதென்றால் போன வியாழக்கிழமையே கொன்றிருப்பார். அவருடைய அனுமதியோடுதான் கதைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் அக்கா விடிய முன்னமே எழும்பி அண்ணைக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஒரு மீன், கட்டாயம் ஒரு பாவக்காய்க் கறி. வாகனம் ஓட்டுகிறவரின் வயிறு பாரமாக இருக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். பெட்டி அநேகமாக வெறுமையாகத் திரும்பி வரும். "எல்லாம் சாப்பிட்டனீங்களோ?" என்று அக்கா கேட்பார். "வழிச்சுத் துடைச்சனான்" என்பார் அண்ணை.

அன்பர்களே, பதினொரு வருடமாக அந்தச் சோற்றில் ஒரு பருக்கைகூட அண்ணையின் வாய்க்குள் போனதில்லை.

மதவாச்சி தாண்டியவுடன் ஒரு மாமரம். அதன் கீழே, அய்யே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சிங்கள அண்ணனின் தேநீர்க் கடை. வடக்கே போகிற நாங்களும் தெற்கே வருகிறவர்களும் மத்தியானம் அங்கேதான் நிறுத்துவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயம் ஏற்றிவரும் நவரத்தினம் அண்ணை பதினொரு வருடத்துக்கு முன் மனைவியைப் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு முதல்முறை அவரைக் கண்டபோது, பால் விடாத பிளேன்டீயில் பணிசைத் தோய்த்து, எதையோ பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். சூசைதாசன் அண்ணை தன் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தார். "இந்தாரும். என்ர மனுசி உமக்கெண்டு தந்துவிட்டவ. சாப்பிடாட்டி எனக்குத்தான் ஏச்சு விழும்."

அக்கா அதுவரை நவரத்தினம் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அதே பொய். இங்கே மனைவிக்கு ஒரு பொய், அங்கே நண்பருக்கு ஒரு பொய், இரண்டுக்கும் நான் சாட்சி. பெட்டியைக் கொடுத்துவிட்டு அண்ணை என்ன செய்தார் என்கிறீர்களா? கடைக்குள்ளே போய் மூன்று ரொட்டி, மாட்டிறைச்சிக் கறி, மேலே மீன் வைத்த மாலு பணிஸ் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். இது தர்மமா, நாக்கா என்று நான் கேட்டேன். "நமசு, ரெண்டும் ஒரே வீதியில வந்தா நான் என்ன செய்யிறது?" என்றார்.

கடைசிச் செவ்வாயன்று பெட்டியைக் கொடுத்த கையோடு நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது என்றார். அவருடைய லொறியை அங்கேயே நிறுத்திவிட்டு, என் லொறியில் ஏற்றி வவுனியாவுக்கு விரைந்தேன். வைத்தியசாலையில் மூன்று நாள். இரண்டாம் நாள் என் கையைப் பிடித்தார். ஏதோ பெரிய விஷயம் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். "செவ்வாய்க்கிழமை அந்த மனுசன் பாத்துக்கொண்டிருப்பான். சாப்பாடு போகவேணும். பிலோமினாவுக்குத் தெரியக் கூடாது."

அவ்வளவுதான். சமைப்பவருக்குத் தெரியாமல் அவர் சமைத்த சாப்பாட்டை நான் எங்கிருந்து கொண்டுபோவது? முதல் செவ்வாய் துக்கத்தில் போய்விட்டது. இரண்டாம் செவ்வாய் வெள்ளவத்தையில் ஒரு கடையில் சோறும் பாவக்காய்க் கறியும் வாங்கி, ஒரு புதுப் பெட்டியில் என் கையாலேயே அடுக்கிக்கொண்டு போனேன். நவரத்தினம் அண்ணை ஒரு வாய் வைத்தார். பெட்டியை மூடினார்.

"நமசு, இது கடைச் சோறு."

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"பாவக்காய் கசக்கேல்லை."

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். "முப்பத்தோராம் நாளுக்கு நான் கொழும்புக்கு வாறன். பதினொரு வருசம் எனக்கெண்டு சமைச்ச அந்தப் பிள்ளைக்கு நேரில நன்றி சொல்லவேணும்."

நினைத்துப் பாருங்கள். இந்த மண்டபத்தில், இத்தனை பேர் முன்னால் அவர் நன்றி சொல்ல, அக்கா "என்ன சாப்பாடு?" என்று கேட்க, அண்ணையின் மானம் என்னாவது? புருஷன் தன் சமையலைப் பதினொரு வருடம் தொட்டும் பார்க்கவில்லை என்று ஒரு பெண் கேட்கவேண்டிய இடமா இது? மூன்றாம், நான்காம் செவ்வாய் வயிற்றுவலி என்று லீவு போட்டேன். வயிற்றுவலி உண்மைதான். பயத்தில் வந்தது.

போன வியாழக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதிரையின் நுனியில் இருந்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழும்பினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ர மனுசன் கருவேப்பிலையைக் கண்ணில காட்டக் கூடாத ஆள். கலியாணம் முடிச்ச நாள் தொட்டு ஒதுக்கி வைப்பார். பெட்டியில கருவேப்பிலை ஒண்டும் மிஞ்சாமல் வந்த முதல் நாளே எனக்குத் தெரியும், இது வேற ஆள் எண்டு."

"ஆரெண்டு தெரியுமோ அக்கா?"

"பேர் தெரியாது. பல்லுச் சரியில்லாத ஆள் எண்டு தெரியும். முருங்கைக்காய் சப்பாமலே திரும்பி வந்தது, விட்டிட்டன். மீன் முள்ளோட சேர்த்துச் சதையும் மிஞ்சிச்சு, முள்ளெடுத்த மீனாப் போட்டன். பாவக்காய் மட்டும் ஒரு நாளும் மிஞ்சேல்லை. நல்ல மனுசனா இருக்கவேணும்."

"அப்ப ஏன் அண்ணையிட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டா, நான் கோவிப்பன் எண்டு நிப்பாட்டிப்போடுவார். அந்த மனுசன் பாவம். அதோட எனக்குத் தெரியும் எண்டு இவருக்குத் தெரிஞ்சா, ஒளிச்சுத் தின்னுற ரொட்டி இவருக்கு ருசிக்குமே?"

அன்பர்களே, நான் நாற்பத்தொன்பது வயதில் இன்னும் கலியாணம் முடிக்காதவன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதற்கு வருத்தப்பட்டேன்.

அந்தப் பொய்யை அண்ணை சுமந்தார் என்று நான் பதினொரு வருடம் நினைத்திருந்தேன். அதன் மறுபக்கத்தை அக்கா தூக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருவரின் பல்லுக்கு ஏற்றபடி விடிய முன் எழும்பிச் சமைத்த இந்த அம்மாவுக்கு எந்தச் சங்கம் பொன்னாடை போர்த்தியது? நாங்கள் லொறிக்காரர். சீமெந்து, சவர்க்காரம், வெங்காயம் என்று எத்தனையோ ஏற்றினோம். எங்கள் வீதியில் போன நல்ல சரக்கு ஒரு பெட்டிக்குள் போயிருக்கிறது.

ஹாஜியார் கடிகாரத்தைத் தூக்கிப் பார்க்கிறார். முடிக்கிறேன்.

சூசைதாசன் அண்ணையின் பணியைத் தொடர்வோம் என்று இதுவரை பேசிய எல்லோரும் சொன்னார்கள். என்ன பணி என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். வருகிற செவ்வாய் தொடக்கம் அக்காவின் பெட்டி என் லொறியில் போகும். எனக்கும் ஒரு பெட்டி தருவதாக அக்கா சொல்லிவிட்டார், அதிலும் பாவக்காய். நான் ரொட்டிக் கடைப் பக்கம் திரும்பினால் பெட்டி அவரிடம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வாக்குத் தருகிறேன், என்னுடையதை நானே சாப்பிடுவேன், கருவேப்பிலை உட்பட.

இன்னும் ஒன்று. அண்ணை கடைசியாகக் கொடுத்த பெட்டி திரும்பி வரவில்லை. அந்தக் குழப்பத்தில் மாமரத்தடியிலேயே நின்றுவிட்டது. அது இப்போது இந்த மண்டபத்தில், மூன்றாம் வரிசையில், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரின் மடியில் இருக்கிறது. வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், மனைவி போன பிறகு அடுப்புப் பக்கமே போகாத அந்த மனிதர், நேற்று யாழ்ப்பாணத்தில் தானே நின்று ஒரு பாவக்காய்க் கறி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் வைத்து எனக்கு ஒரு துண்டு தந்தார். உப்பு இல்லை.

நவரத்தினம் அண்ணை, எழும்பி வாங்கோ. அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறா.