கீழே விழுந்ததால் வந்த வீக்கம் இல்லை

பீன்யா தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, என் பொண்ணு மண்டை எலும்புல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டாங்க. இப்பதான் நான் நிம்மதியா இருக்கேன்."

"என்னடி சொல்ற?"

"நெத்திக்கு மேல கல்லு மாதிரி வீக்கம். நான்தான் குழந்தையைக் கீழே போட்டுட்டேன்னு மாமியார் ஒரே பேச்சு. வீட்டுக்காரரும் நம்பிட்டாரு. மூணு வயசு, அவளுக்கும் சொல்லத் தெரியல. எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு."

"அப்புறம்?"

"ஸ்கேன் பாத்த டாக்டரம்மா, இது அடிபட்டு வந்ததில்ல, எலும்புக்குள்ளயே வளர்ற கட்டி, எப்பவாவது ஒரு குழந்தைக்குத்தான் வரும்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க. ஆபரேஷன்ல எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்க. கேன்சர் இல்லன்னு வந்துடுச்சு. இப்ப நல்லா ஓடி விளையாடறா."

"மாமியார் என்ன சொன்னாங்க?"

"ஸ்கேன் பாத்தப்ப பக்கத்துலதான் நின்னாங்க. நான் விடுவேனா? 'எங்க அத்தைக்கு இங்கிலீஷ் வராது மேடம், கன்னடத்துல இன்னொரு தடவை சொல்லுங்க'ன்னு கேட்டேன்."

"சொன்னாங்களா?"

"ரெண்டு தடவை சொன்னாங்கக்கா."