மூன்றாவது தோட்டா

போலீஸ் ஸ்டேஷன் காபி என்றாலும் நன்றாக இருக்கிறது, டெபுடி ஹேகன். கோப்பைதான் கனம். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எதைக் கையில் எடுத்தாலும் எடை பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வயோமிங்கில் மலையேறுகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், லோவெல் ஸ்ட்ராண்டின் பை என்றால் ஒரு மரியாதை உண்டு. ஐந்து நாள் மலையில் தங்கக் கிளம்புவேன், பார்க்கிறவர்கள் கடைக்குப் பால் வாங்கப் போகிறான் என்று நினைப்பார்கள்.

பல் பிரஷ்ஷின் காம்பை அறுத்துவிடுவேன். சட்டை லேபிளைப் பிரித்துவிடுவேன். வரைபடத்தில் போகாத பக்கத்தைக் கத்தரித்துவிடுவேன். என் மனைவி டாரீன் ஒரு முறை, "விட்டா ஒரு கிட்னியைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டுப் போவே" என்றாள். கேலிதான். ஆனால் ஒரு கிட்னி என்ன எடை இருக்கும் என்று அன்றே தேடிப் பார்த்தேன். நினைத்ததைவிடக் குறைவு.

துப்பாக்கியைப் பற்றி முதலில் கேட்டீர்கள். இத்தனை வருடமும் கரடியை விரட்டுகிற மிளகாய் ஸ்பிரேதான் கொண்டுபோனேன். அது வேலை செய்யும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மலையில் எதிரே வருகிற எல்லோர் இடுப்பிலும் ஒரு துப்பாக்கி இருக்கிறது, என் இடுப்பில் தோட்டத்துக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவன் மாதிரி ஒரு குப்பி. மனுஷனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்காதா? அப்பாவின் பழைய ரிவால்வரை மாட்டிப் பார்த்தேன். சுத்த இரும்பு. பத்தடி நடப்பதற்குள் கால்சட்டை இறங்கிவிட்டது.

பிறகு வெர்னின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். என் தராசை நானே எடுத்துக்கொண்டு போனேன், கடைக்காரர்கள் சொல்கிற எடையை நான் நம்புவதில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தோம். கோடை முழுக்கப் போய்ப் போய் நிறுத்தேன். கடைசியில் டைட்டானியத்தில் ஒரு குட்டி ரிவால்வர், ஐந்து தோட்டா போடுவது. கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெர்ன் ஒரு மாதிரி பார்த்தான். "லோவெல், இதால கரடியைச் சுட்டா, அது திரும்பிப் பாத்து 'யாருப்பா கூப்பிட்டது?'ன்னு கேக்கும்" என்றான். "பேசாம ஸ்பிரேயே எடுத்துட்டுப் போ."

"எடை என்ன, அதைச் சொல்லு" என்றேன்.

உறையும் சேர்ந்தால் ஸ்பிரேயைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலை எங்கேயாவது குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து தோட்டா எதற்கு? ஒன்று கரடியைப் பயமுறுத்த, இன்னொன்று பயப்படாத கரடிக்கு. இரண்டு போதும் என்று முடிவு செய்தேன். ஒரு தோட்டா பதினைந்து கிராம். மூன்றாவதைக் கையில் எடுத்து, யோசித்து, மேசை மேலேயே வைத்துவிட்டேன். யோசித்துத்தான் வைத்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஆர்லின். டாரீனின் தம்பி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். ஆள்தான் பாரம். பை தைக்கிறவர்கள் பார்த்தால் அழுதுவிடுவார்கள், அப்படி அடைத்துக்கொண்டு வருவான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, கிளம்புவதற்கு முன் பையை உதறுவது. ஒருவன் பையை இன்னொருவன் சமையலறை மேசையில் கொட்டி, ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இது இல்லாவிட்டால் செத்தா போய்விடுவாய்? சாக மாட்டேன் என்றால் பொருள் வீட்டில் தங்கிவிடும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆர்லின் ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தான்.

"இது இல்லாம செத்தா போயிடுவே?" என்றேன்.

"உக்காராம செத்துப்போவேன் மச்சான். என் உடம்பைப் பாரு, இதைத் தரையில உக்கார வெச்சா எழுப்புறதுக்கு நாலு ஆள் வேணும்."

"நாற்காலி ஒரு கிலோ ஆர்லின்."

"சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. கல்லோ கட்டையோ கிடைக்காமலா போகும்?" என்று அவனே எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு என் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி, "இது இல்லாம நீ செத்தா போயிடுவே?" என்றான்.

"கரடி வந்தா தெரியும்" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். நல்ல மனசு அவனுக்கு.

முதலுதவிப் பெட்டி என் பையில் வருவதாக ஏற்பாடு. ஆர்லினுக்குக் குளவி கொட்டினால் ஆகாது, தொண்டை வீங்கி அடைத்துக்கொள்ளும். போன ஜூலையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுடும்போது ஒன்று கொட்டி, நான்தான் அவன் தொடையில் பேனா மாதிரி இருக்கிற மருந்தூசியைக் குத்தினேன். குத்தினால் மூச்சு திரும்பிவிடும், அருமையான மருந்து. எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பான். டாரீன் அவற்றுக்குச் சிவப்பு டேப் சுற்றி, உறையில் போட்டு, தன் கையாலேயே பெட்டியில் வைத்தாள்.

துப்பாக்கியால் ஏறிய எடை இன்னும் இறங்கவில்லை. இரண்டு பேனாவும் உறையும் சேர்த்து நிறுத்தேன். தொண்ணூற்று நாலு கிராம். துல்லியமாக நான் தேடிக்கொண்டிருந்த எடை. அந்தத் திருப்தியை வேறு யாருக்கும் விளக்க முடியாது. பேனாக்களிடம் மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும், ஆர்லின் ஒரு மரத்தோரம் ஒதுங்கிய நேரத்தில், உறையை எடுத்து டாஷ்போர்டுக்குள் வைத்தேன். வெயில் படாத இடமாகப் பார்த்துத்தான் வைத்தேன், சூட்டில் மருந்து கெட்டுவிடும்.

அப்போது டாரீன் போன் செய்தாள். "பேனா ரெண்டும் இருக்குல்ல லோவெல்? எனக்கு இருக்குறது அவன் ஒருத்தன்தான்."

"எல்லாம் பத்திரமா இருக்கு" என்றேன். பத்திரமாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். நான் தரையில். ஆர்லின் விழுந்து கிடந்த ஒரு பைன் மரத்தில். அதற்குள் மஞ்சள் குளவிக் கூடு இருந்திருக்கிறது. நாற்காலி இருந்திருந்தால் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது, டெபுடி. ஒரு கிலோ என்று முன்பே சொன்னேன்.

கழுத்தில் மூன்று இடத்தில் கொட்டியது. அவன் பதறவில்லை. "ஐயோ கெட்டது போ. மச்சான், பேனாவை எடு" என்றான்.

நான் பெட்டியைத் திறந்து தேடினேன். இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சும்மா நின்றால் மரியாதையாக இருக்காது. இரண்டு முறை தேடிவிட்டு, "வண்டியில இருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். உதடு அதற்குள் வீங்கிவிட்டது. "அடப்பாவி" என்றான். பிறகு, "எவ்வளவு மிச்சம் புடிச்சே?" என்று கேட்டான்.

"தொண்ணூத்தி நாலு கிராம்."

அவனுக்குச் சரியான கணக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். சிரித்தான். அல்லது இருமினான். நான் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஹோலிஸ் கூடாரம் போட்டிருந்தான், வெளியூர் வேட்டைக்காரர்களைக் குதிரையில் கூட்டிப்போகிறவன். காலையில் அவன் அடுப்புப் புகையைப் பார்த்திருந்தோம். ஓடினால் நேரமாகும், ஆனால் துப்பாக்கிச் சத்தம் போகும். அப்போதுதான் அந்தத் துப்பாக்கியை வாங்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. இரண்டு முறை சுட்டேன்.

ஆர்லின் மரத்தில் சாய்ந்திருந்தான், பேச முடியவில்லை. கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினான். மலையில் மூன்று வெடி என்றால் ஆபத்து, ஓடி வா என்று அர்த்தம். இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் பத்து வயதிலிருந்து தெரியும். மேசையில் அந்த மூன்றாவது தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதும் தெரியும்.

நான் சிலிண்டரைத் திறந்து காட்டினேன். அவன் கையை இறக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம், சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு மேடு ஏறி இறங்கிப் போனேன். ஹோலிஸ் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "வாப்பா, ரெண்டு வெடி கேட்டுச்சே, நீதானா?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். "ஒண்ணு எல்க் மானைச் சாய்க்க, ஒண்ணு உசிரைப் போக்கன்னு நெனைச்சேன். மூணாவது வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். வந்திருந்தா குதிரையில பறந்திருப்பேன்." நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் கை என் கையை விட்டது. கூடாரத்துக்குள் போய் ஒரு மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தான். அதில் நாலு பேனா இருந்தன. "குதிரையில பத்து நிமிஷம்டா" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெட்டி பெரியது. அவனுக்கென்ன, குதிரை சுமக்கிறது.

டாரீன் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவாள். வருத்தத்தில் இருக்கிறாள்.

நீங்கள் தட்டெழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். பேனாக்களை நான்தான் எடுத்தேன், சரி. பேனா இருக்கிறது என்று டாரீனிடம் சொன்னேன், சரி. மூன்றாவது தோட்டாவை நான்தான் விட்டுவிட்டு வந்தேன், அதுவும் சரி. கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. நடுவில் ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். 'கவனக்குறைவால்' என்று போட்டிருக்கிறீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், டெபுடி. ஒவ்வொன்றையும் நான் மூன்று முறை நிறுத்துப் பார்த்துத்தான் விட்டுவிட்டு வந்தேன்.