கொம்பில் கட்டிய வெள்ளைத் துணி

மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். அது உங்களுக்கே தெரியும். வருகிற ஞாயிறு என்னை நம் மாடு வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், மாடு வைத்திருந்தவர்களைக் கூட்டி, பசுக்களைச் சினைப்படுத்தப் பொதுவில் ஒரு நல்ல பொலிகாளை வாங்க வைத்தவன் நான். மாதம் ஒரு கொட்டகை என்று காளை முறை வைத்துப் போகும். அனுப்புமுன் நான் அதன் வாயையும் கண்ணையும் பார்த்து, கொம்பில் வெள்ளைத் துணி கட்டுவேன். துணி இருந்தால் நோயில்லை. புது மாட்டை இருபது நாள் தனியே கட்ட வேண்டும் என்ற விதியும் நான் போட்டதுதான்.

மூன்று வருடத்துக்கு முன், மொனராகலைப் பக்கமிருந்து ஒரு கிடாரி வாங்கினேன். மழை விடாமல் பெய்தது, தனியே கட்ட இடமில்லை. காளை அந்த மாதம் என் கொட்டகையில்தான் நின்றது. இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். கிடாரி வெக்கை என்ற தொற்றுநோயில் செத்தது. வாழைக்கடியில் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

முறை மாறும் நாளில் காளையின் ஈறில் புண் இருந்தது. உப்புத் தண்ணீரால் கழுவினேன். துணியைக் கட்டி பவுலினாவிடம் கொடுத்தேன். புருஷனை இழந்தவள், ஒரு பசுவின் பாலை விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

"கண்ணுல தண்ணி வடியுதேண்ணே?"

"தூசி பட்டிருக்கும்மா. நான் பாத்துட்டேன்."

"நீங்க பாத்தா சரிதாங்க."

மூன்றாம் நாள் காளை அவள் கொட்டகையில் படுத்தது. பிறகு அவள் பசு செத்தது. அப்புறம் லயத்தில் பதினேழு மாடுகள். லயத்துக் கூட்டத்தில் மாட்டுக்காரன் வீரய்யா, "நோவு எங்க ஆரம்பிச்சுச்சு?" என்று கேட்டான். "காளை படுத்தது பவுலினா கொட்டகையில" என்றேன். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை.

அவள் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று பயந்தேன். அவள் துணியைப் பற்றிப் பேசவே இல்லை. "நான்தான் ஈரப்புல்லு போட்டுட்டேன் போல, மன்னிச்சிருங்க" என்று எல்லோரையும் கும்பிட்டாள். நானும் மன்னித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவள் கொட்டகையைக் கொளுத்தினோம். அடுத்த வாரம் பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டே போய்விட்டாள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு பசறையில் மற்றத் தோட்டத்து மாட்டுக்காரர்களுக்குப் பாடம் சொல்லக் கூப்பிட்டார்கள். கவனக்குறைவுக்கு உதாரணமாக அந்தக் கொட்டகையைச் சொன்னேன். கேட்டவர்கள் திருந்தினார்கள். அதனால் போகிற இடமெல்லாம் சொன்னேன்.

நோயைக் கொண்டுவந்தவன் நான். தெரிந்தே துணி கட்டியவனும் நான். வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்றை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். பாடம் சொல்லப் போன எந்த ஊரிலும் நான் பவுலினாவின் பெயரைச் சொன்னதில்லை. "எங்கள் லயத்து விதவை ஒருத்தி" என்று மட்டும்தான் சொன்னேன். அவள் மானத்தைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறேன்.