ஒயரைப் பிடுங்கியவர்

சாலவாக்கம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மைக்செட்காரர், மடியில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சான், தோளில் கட்சித் துண்டு. உத்திரமேரூர் தாண்டியதும் மைக்செட்காரர் சாதாரணமாகச் சொன்னார்:

"நேத்து மீட்டிங்ல கரண்டு போவல மச்சான். நான்தான் ஒயரைப் புடுங்கினேன்."

"நம்ம தலைவர் பேசிக்கினு இருக்கும்போதா? இன்னாத்துக்கு?"

"திருவிழாவுல காலனிக்காரங்களோட நடந்த சண்டையப் பத்திப் பேச்ச எடுத்தாரு. அடுத்து அவங்களத் திட்டப் போறாருன்னு தெரிஞ்சிபோச்சி. முன்னாடி நம்ம பசங்க குடிச்சிட்டு நின்னுக்கினு இருந்தானுங்க. அந்த வார்த்தை மட்டும் மைக்ல வந்திருந்தா, நேத்தே நாலு வூடு எரிஞ்சிருக்கும்."

"அவருக்குத் தெரிஞ்சா உன்னைச் சும்மா வுட மாட்டாரு."

"தெரியும் அவருக்கு. தெருவுல எல்லா வூட்லயும் லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துச்சே, பாக்காமலா இருப்பாரு?"

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பறம் இன்னா சொன்னாரு?"

"காலைல போன் பண்ணாரு. திட்டல. அடுத்த மீட்டிங்குக்கும் நீயே வா, ஒயர்கிட்டயே உக்காந்துக்கோன்னாரு."