ரெண்டும் ஒரே நீலம்

“ஹலோ... ஆமாங்க, தண்டாயுதபாணிதானுங்க... வந்துதுங்க அந்தோணி, ரெண்டு போட்டோவும் இப்பத்தான் குரியர்ல வந்துது. குன்னூர்ல எடுத்ததுங்களா?... சரி, சரி. ஆனா ரெண்டும் ஒரே குருவியாட்ட இருக்குதுங்க... இல்லீங்களா?”

பெருமாநல்லூர்ச் சாயப்பட்டறையில் நிறம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். இருபது வருடத்தில் நிற விஷயத்தில் யாரும் அவரைத் திருத்தியதில்லை. ஞாயிறுகளில் கூடவே பறவை பார்க்க வரும் அந்தோணிராஜ் இன்றைக்குத் திருத்துகிறான். செல்லைத் தோளில் இடுக்கிக்கொண்டு படங்களைப் பட்டறை மாடி ஜன்னலோரம் நகர்த்தினார்.

“ஆமாங்க, ஒண்ணு நீலகிரி ஈப்பிடிப்பான், இன்னொண்ணு நீலமேனி ஈப்பிடிப்பான், கேட்டுதுங்க... கண்ணுக்கும் அலகுக்கும் நடுவுல கருப்பு. அது தெரியுது... நெறமா? ரெண்டும் நீலந்தானுங்க... பச்சை ஓடுதா? எங்கீங்க ஓடுது?... இருங்க. வேல்விழி, இங்க வா கண்ணு. பச்சை கலந்தது இதுல எது?”

உதவிக்கு இருக்கும் வேல்விழி யோசிக்கவேயில்லை. வலப்பக்கத்துப் படத்தைத் தொட்டாள். அவர் அதை எடுத்து மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“...இருக்கறனுங்க. அவளுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல... ஆறு மாசமா, லைட்டுத்தான் மங்கல்னு நெனச்சுட்டு இருந்தேன்... ஆமா. சோணைமுத்து சாயம் போட்ட அந்தத் துணி லாட்டுதான். பச்சை கலந்த நீலம் கேட்டு, வெறும் நீலமாப் போயித் திரும்பி வந்துதே... பச்சை பத்தலைன்னு அவன் சொன்னானுங்க. நாந்தான் போதும்னேன்... சத்தியமா, நான் பார்க்கறப்ப சரியா இருந்துது. அதனாலதான் நான் கையெழுத்துப் போட்டப்பறம் அவன் துணிய மாத்தீட்டான்னு மொதலாளிகிட்டச் சொன்னேன்... தெரியுமுங்க, நீங்க கூட்டியாந்து சேத்துன ஆளு. வேலை போயி, குடும்பத்தோட ஊருக்கே போயிட்டான்...”

 அந்தோணி பேசப் பேச, இரண்டு படங்களையும் கவிழ்த்து வைத்தார்.

“...சொல்லீர்றனுங்க. இன்னிக்கே மொதலாளிகிட்டப் போயி, தப்பு என்ற கண்ணுலன்னு சொல்லீர்றேன். அவனைத் திரும்பக் கூப்புடச் சொல்றேன்... ஆமாங்க. ஆமாங்க. இனி ஒரு துணிக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்...”

வேல்விழி ஈரத்துணித் துண்டு ஒன்றையும் சீட்டையும் நீட்டினாள். கையெழுத்துக்காகக் கீழே மெஷினை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“ஒரு நிமிசமுங்க... இது சரியா இருக்குதா கண்ணு? நல்லாப் பாரு... சரிங்கறயா? குடு.”

போட்டார். வழக்கம்போலவே வளைத்துப் போட்டார். அதுதான் அவருக்கே கேவலமாக இருந்தது.

“ஹலோ... இல்லீங்க, இந்தக் கையெழுத்து அவசரம்... மொதலாளிகிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம்னுதான்... அந்தோணி?... ஹலோ?... அந்தோணி?...”